ஒளியில் சிதையும் வைட்டமின் பி2: கரைசலில் அளந்தறியும் முறை

ரைபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 கரைந்த நீர் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் மஞ்சள் மெல்ல வெளிறிப்போகும். அந்த வெளிறலை ஒரு கருவியால் அளந்துவிட்டால் எவ்வளவு வைட்டமின் அழிந்தது என்று சொல்லிவிடலாம் என்றே இந்தச் சோதனையைப் புதிதாகத் தொடங்குபவர் எண்ணுவார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் கருவி அளப்பது நிறத்தை, நாம் அறிய விரும்புவது வைட்டமினை. இவை இரண்டும் எதுவரை ஒன்றாகச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் செய்தால்தான் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் உண்டு. அந்த நோக்கில், நிறமாலை ஒளிமானி (ஒவ்வொரு அலைநீளத்திலும் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்றும் எளிய கண்ணாடிக் கலங்களும் உள்ள ஆய்வகத்தில் செய்யத்தக்க முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒளிச்சிதைவைக் கற்றுக்கொள்ள ரைபோஃபிளேவினைவிடப் பொருத்தமான வைட்டமின் இல்லை என்பது என் கருத்து. அது கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியையே உறிஞ்சுவதால், ஆபத்தான புறஊதா விளக்கு தேவைப்படுவதில்லை. இருட்டில் நடுநிலைக் கரைசலில் நெடுநேரம் நிலையாக இருப்பதால், ஒளியின் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. நடைமுறைப் பயனும் உண்டு. நோயாளிக்குச் சிரைவழி ஏற்றப்படும் ஊட்டக் கரைசல் பைகளை ஒளி படாமல் மூடி வைப்பதற்கான காரணங்களுள் இந்த வைட்டமினின் இழப்பும் ஒன்று.

ஒளி பட்டதும் நிகழ்வது என்ன?

ரைபோஃபிளேவின் மூலக்கூறில் மூன்று வளையங்கள் கொண்ட ஒரு பகுதியும், அதனோடு இணைந்த ரிபிட்டைல் என்னும் பக்கச் சங்கிலியும் உள்ளன. நிறத்துக்குக் காரணம் வளையப் பகுதி. அது ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்று, மும்மை நிலை எனப்படும் சற்று நீண்ட ஆயுளுடைய நிலைக்குச் சென்று, தன் பக்கச் சங்கிலியையே தாக்கி அறுத்துக்கொள்கிறது. அமில, நடுநிலைக் கரைசல்களில் முதன்மையாக உண்டாவது லூமிகுரோம். காரக் கரைசலில் அதனோடு லூமிஃபிளேவினும் உண்டாகிறது. 1932-இல் ஓட்டோ வார்பர்க்கும் வால்டர் கிறிஸ்டியானும் ஈஸ்ட்டிலிருந்து பிரித்த மஞ்சள் நொதியைக் காரத்தில் ஒளிக்கு உட்படுத்திப் பெற்ற பொருள், பின்னர் லூமிஃபிளேவின் என்று அறியப்பட்டது. இவற்றுக்கு இடைப்பட்ட நிலையில் ஃபார்மைல்மெத்தில்ஃபிளேவின் என்ற பொருள் தோன்றி, பிறகு தானும் சிதைகிறது.

ரைபோஃபிளேவினின் மஞ்சள் நிறத்தை நாம் அளக்கப்போவது 445 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியில். இவற்றுள் லூமிகுரோமுக்கு அங்கே உறிஞ்சல் ஏறக்குறைய இல்லை. லூமிஃபிளேவினும் இடைநிலைப் பொருளும் ரைபோஃபிளேவினைப் போலவே அங்கே உறிஞ்சுகின்றன. ஆகவே இவை கரைசலில் இருக்கும்போது, அழிந்துபோன வைட்டமினின் ஒரு பகுதி இன்னும் இருப்பதாகவே கருவி காட்டும். இதைப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

செறிவையும் ஆழத்தையும் முதலில் முடிவு செய்க

பெரும்பாலோர் கரைசலைத் தயாரித்துவிட்டு, கையில் கிடைத்த கலத்தில் ஊற்றி ஒளியில் வைப்பார்கள். சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கரைசல் அடர்த்தியாகவும் ஆழமாகவும் இருந்தால், மேற்பரப்புக்கு அருகில் உள்ள வைட்டமினே ஒளி முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். கீழே உள்ளது நிழலில் இருக்கும். அப்போது சிதைவின் வேகத்தை முடிவு செய்வது விளக்கின் வலிமை மட்டுமே. வைட்டமின் எவ்வளவு இருந்தாலும் நிமிடத்துக்கு ஒரே அளவு அழியும். அதாவது அது சுழி வகை வினையாகத் தோன்றும். கரைசல் மிக நீர்த்ததாகவும் ஆழமற்றதாகவும் இருந்தால், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி கிடைக்கும். அப்போது எஞ்சியுள்ள அளவுக்கு ஏற்ற விகிதத்தில் அழிவு நிகழ்ந்து, அது முதல் வகை வினையாக அமையும். ஒரே வைட்டமின், ஒரே விளக்கு. கலத்தை மாற்றினால் வினையின் வகையே மாறியதுபோல் தோன்றும். வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

முதல் வகை வினைக்கான நிலையைப் பெற, ஒளி கடக்கும் பாதையில் கரைசலின் உறிஞ்சளவு (எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதை மடக்கையில் காட்டும் எண்) 0.1-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆனால் 0.1 என்பது ஒளிமானியில் துல்லியமாக அளப்பதற்குக் குறைவான மதிப்பு. இரண்டையும் நிறைவேற்ற எளிய வழி ஒன்று உண்டு. ஒளி காட்டும்போது கரைசலை 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் தட்டையான கண்ணாடித் தட்டில் பரப்பி மேலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். அளக்கும்போது அதையே 1 சென்டிமீட்டர் குவெட்டில் (ஒளிமானிக்குள் வைக்கும் சிறு சதுரக் கலம்) ஊற்றி அளக்க வேண்டும். லிட்டருக்கு 10 மி.கி. என்ற செறிவை எடுத்துக்கொள்வோம். ரைபோஃபிளேவினின் மூலக்கூறு நிறை 376.4 என்பதால் இது லிட்டருக்கு 26.6 மைக்ரோமோல். 445 நானோமீட்டரில் அதன் மோலார் உறிஞ்சு திறன் (லிட்டருக்கு 1 மோல் கரைசல் 1 சென்டிமீட்டர் பாதையில் காட்டும் உறிஞ்சளவு) ஏறத்தாழ 12,500 என்பதால், 1 சென்டிமீட்டர் குவெட்டில் உறிஞ்சளவு 0.33 ஆக இருக்கும். 3 மில்லிமீட்டர் ஆழத்தில் அது 0.1 மட்டுமே. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் இந்த ஆழத்துக்குச் சுமார் 8.5 மி.லி. கரைசல் வேண்டும். அது ஒரு குவெட்டை இருமுறை கழுவி நிரப்பப் போதுமானது.

கரைசல் தயாரித்தல்

இந்த வேலை முழுவதையும் மங்கிய சிவப்பு விளக்கொளியில் செய்ய வேண்டும். ரைபோஃபிளேவினின் உறிஞ்சல் பட்டை ஏறத்தாழ 520 நானோமீட்டரோடு முடிந்துவிடுவதால், 600-க்கு மேற்பட்ட சிவப்பு ஒளி அதைத் தீண்டாது. சிவப்பு விளக்கு இல்லையெனில், சன்னல் திரைகளை மூடி, அறை விளக்குகளை அணைத்து, எல்லாக் குடுவைகளையும் அலுமினியத் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி வைக்கலாம். பழுப்புக் கண்ணாடிக் குடுவை நல்லதே. ஆயினும் அதன் மேலும் தாளைச் சுற்றுவதே என் வழக்கம்.

ரைபோஃபிளேவின் நீரில் அரிதாகவே கரையும். லிட்டருக்கு 100 மி.கி. கரைப்பதே கடினம். காரத்தில் எளிதாகக் கரையும் என்று நூல்களில் படித்துவிட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காரத்தில் இந்த வைட்டமினின் நிலைப்புத் தன்மை மிகவும் குறைந்துவிடும், சோதனை தொடங்கும் முன்பே சிதைவு தொடங்கிவிடும். பொறுமையே சரியான வழி. 25 மி.கி. தூளைத் துல்லியமாக எடைபோட்டு, 500 மி.லி. அளவுக் குடுவையில் இட்டு, 400 மி.லி. அளவுக்கு வெதுவெதுப்பான வாலைவடி நீரும் 1 மி.லி. தூய அசிட்டிக் அமிலமும் சேர்த்து, இருட்டில் காந்தக் கலக்கியால் கலக்க வேண்டும். ஒரு துகளும் எஞ்சாமல் கரைந்த பிறகு, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, குறிவரை நீர் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போதே குறிவரை நிரப்பினால், ஆறியபின் கன அளவு குறைந்து செறிவு தவறாகிவிடும். இந்த மூலக் கரைசல் லிட்டருக்கு 50 மி.கி. செறிவுடையது. குளிர்ப்பெட்டியில் இருட்டில் வைக்கலாம் என்றாலும், வைத்து எடுக்கும்போது மஞ்சள் படிகங்கள் அடியில் படிந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இதில் 10 மி.லி. எடுத்து, பி.எச். 7 உடைய பாஸ்பேட் தாங்கல் கரைசலால் (பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) 50 மி.லி.க்கு நிரப்பினால், நமக்கு வேண்டிய லிட்டருக்கு 10 மி.கி. கரைசல் கிடைக்கும். அசிட்டிக் அமிலம் சிறிது கலந்துள்ளதால், நீர்த்த பிறகு பி.எச். அளவைக் கட்டாயம் சரிபார்த்து, தேவையானால் திருத்த வேண்டும். தாங்கல் கரைசலில் பாஸ்பேட்டின் செறிவு லிட்டருக்கு 0.01 மோல் அளவில் இருந்தால் போதும். மிகுதியான பாஸ்பேட் இந்த வினையில் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. அதன் இருமின்சுமை அயனி ரைபோஃபிளேவினை வேறொரு பாதையில் திருப்பிச் சைக்ளோடிஹைட்ரோரைபோஃபிளேவின் என்னும் பொருளைத் தரும். தாங்கல் வலுவாக இருந்தால் நல்லது என்ற பொதுப் பழக்கம் இங்கே தவறான வழிகாட்டி.

விளக்கும் அதன் இருப்பிடமும்

சூரிய ஒளியைக் கொண்டு சோதனையை விளக்கிக் காட்டலாம், அளவெடுக்க முடியாது. ஒரு மேகம் கடந்தாலும் எண்கள் மாறிவிடும். 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் நீல எல்.இ.டி. விளக்கு இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் ஒளி ரைபோஃபிளேவினின் உறிஞ்சல் பட்டையின் உச்சியிலேயே விழுகிறது. லூமிகுரோம் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை என்பதால், விளைபொருள் ஒளியை மறைக்கும் சிக்கலும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

எல்.இ.டி. சூடாகும்போது அதன் ஒளி சற்றுக் குறையும். ஆகவே விளக்கை ஏற்றி அரை மணி நேரம் கழித்தே முதல் தட்டை வைக்க வேண்டும். அதன் பிறகு சோதனை முடியும்வரை அணைக்கக் கூடாது. விளக்கை ஒரு தாங்கியில் இறுக்கமாகப் பொருத்தி, தட்டு வைக்கும் இடத்தை மேசைமேல் வட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு சிறியதாகவும் தொலைவு அதைவிட மிகுதியாகவும் இருந்தால், தொலைவை இருமடங்காக்கும்போது ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். எனவே ஓரிரு சென்டிமீட்டர் பிசகும் அற்பமானதன்று. குறித்த வட்டத்துக்குள் ஒளி சீராக விழுகிறதா என்று ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். அடியில் கறுப்புத் துணி விரித்தால், மேசையிலிருந்து எதிரொளித்து மீண்டும் கரைசலுக்குள் நுழையும் ஒளியைத் தவிர்க்கலாம். நீல எல்.இ.டி.யின் ஒளியை நேராகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கானது. மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும்.

ஒளி காட்டுதல்

ஒரே தட்டிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்தால், ஒவ்வொரு முறையும் கரைசலின் ஆழம் குறைந்து நாம் கவனமாக அமைத்த நிலை கெடும். எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தனித் தட்டைப் பயன்படுத்துவதே நல்லது. எல்லாத் தட்டுகளிலும் ஒரே பிப்பெட்டால் 8.5 மி.லி. ஊற்றி, இருட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்த அதே வட்டத்தில் வைத்து, 5, 10, 15, 20, 30 நிமிடங்கள் என ஒளி காட்ட வேண்டும். மொத்தம் 80 நிமிட வேலை. பல தட்டுகளை ஒன்றாக வைத்தால் வரும் இடவேறுபாட்டுப் பிழை இதில் இல்லை. விளக்கின் வலிமை தெரியாத நிலையில், முதலில் ஒரு தட்டை மட்டும் வைத்து முன்னோட்டம் பார்த்து, பாதியளவு சிதைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதற்கேற்ப நேரங்களை வகுத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் மேல் மெல்லிய கண்ணாடி மூடி இருக்கட்டும். திறந்து வைத்தால் நீர் ஆவியாகிச் செறிவு கூடும். அது சிதைவை மறைத்துவிடும். ஒளி காட்டும் முன்னும் பின்னும் தட்டை எடைபோட்டால் எவ்வளவு நீர் போயிற்று என்பது தெரியும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் கணக்கில் திருத்த வேண்டும். வெப்பநிலையை 25 பாகையில் நிறுத்த, தட்டை ஓர் உலோகத் தகட்டின் மேல் வைத்து, தகட்டின் கீழே நீரைச் சுற்றவிடலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ஒரு சிறு விசிறியை வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் கரைசலின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருட்டுச் சான்று என்று நான் சொல்லும் தட்டு, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதே கரைசல், அதே அளவு, அதே வகைத் தட்டு, அலுமினியத் தாளால் முழுவதும் பொதிந்து, விளக்குக்கு அருகிலேயே, அதே வெப்பநிலையில், சோதனையின் மிக நீண்ட நேரத்துக்கு வைக்கப்பட வேண்டும். அதன் உறிஞ்சளவு மாறாமல் இருந்தால்தான், மற்றத் தட்டுகளில் காணும் இழப்பு ஒளியால் வந்தது என்று சொல்லும் உரிமை நமக்கு வரும். நான் செய்த முதல் சோதனைகளுள் ஒன்றில் இருட்டுச் சான்றும் குறைந்துகொண்டே வந்தது. வெப்பமா, கண்ணாடியில் ஒட்டுதலா, நுண்ணுயிரா என்று இரண்டு நாள்கள் தேடினேன். கடைசியில் தாளின் மடிப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்ததும், நீல ஒளி அதன் வழியே நேராகக் கரைசலில் விழுந்ததும் தெரியவந்தன. அன்று முதல் தாளை இரண்டு அடுக்காக, மடிப்புகள் எதிரெதிர்ப் பக்கம் வருமாறு சுற்றுகிறேன்.

ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு சொல். காற்றிலுள்ள ஆக்சிஜன் கிளர்வுற்ற மும்மை நிலை மூலக்கூறுகளைத் தணித்துவிடுவதால், காற்றுப்பட்ட கரைசலில் சிதைவு சற்று மெதுவாகவே நடக்கும். ஆக்சிஜனை நீக்கிவிட்டு ஒளி காட்டினால் மஞ்சள் விரைவில் மறையும்; ஆனால் அதில் ஒரு பகுதி உண்மையான அழிவன்று, ஒடுக்கமடைந்த நிறமற்ற வடிவம் மட்டுமே. காற்றோடு குலுக்கினால் அந்தப் பகுதியின் நிறம் திரும்பிவிடும். மெல்லிய அடுக்காகப் பரப்பிய கரைசலில் காற்று எளிதாகக் கரைவதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆயினும் குவெட்டில் ஊற்றும் முன் ஒவ்வொரு மாதிரியையும் மூடிய குழாயில் சில முறை குலுக்குவது நல்ல பழக்கம்.

அளத்தல்

445 நானோமீட்டரில் மட்டும் ஓர் எண்ணைப் படித்துவிட்டு நிற்காமல், 300 முதல் 650 நானோமீட்டர் வரை முழு நிறமாலையையும் பதிவு செய்யுங்கள். ரைபோஃபிளேவின் இல்லாத தாங்கல் கரைசலைக் கொண்டு சுழி நிலையை அமைத்து, சுழி நேரத் தட்டு, ஒளி காட்டிய தட்டுகள், இருட்டுச் சான்று என்ற வரிசையில் அளந்து, கடைசியில் சுழி நேரக் கரைசலை மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். முதலும் கடைசியும் ஒத்துவந்தால் கருவி இடையில் நகரவில்லை என்று தெரியும். 600 நானோமீட்டரில் இந்தப் பொருள்கள் எவையும் உறிஞ்சுவதில்லை. அங்கே எண் எழுந்தால் அது தூசு, குமிழி அல்லது விரல்ரேகை. அதை 445-இன் மதிப்பிலிருந்து கழித்துவிடலாம். பெரிதாக இருந்தால் குவெட்டைக் கழுவி மறுபடியும் அளப்பதே நேர்மையானது.

டயோடு வரிசை வகை ஒளிமானிகளில் விளக்கின் முழு ஒளியும் மாதிரியின் வழியே சென்ற பிறகே நிறங்களாகப் பிரிக்கப்படுகிறது. குவெட்டை உள்ளே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அளக்கும் கருவியே வைட்டமினைச் சிதைக்கத் தொடங்கும். அளவு எடுத்ததும் குவெட்டை வெளியே எடுத்துவிட வேண்டும்.

செறிவைக் கணக்கிட, நூலில் உள்ள உறிஞ்சு திறனை மட்டும் நம்பாமல், லிட்டருக்கு 2, 4, 6, 8, 10, 12 மி.கி. கரைசல்களைத் தயாரித்து உங்கள் கருவியிலேயே ஒரு நேர்கோட்டை வரைந்துகொள்ளுங்கள். கோடு ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் செல்ல வேண்டும், 10 மி.கி.க்கு 0.33-ஐ ஒட்டிய மதிப்பு வர வேண்டும். வராவிட்டால் எடையிலோ, கரைத்தலிலோ, தூளின் தூய்மையிலோ பிழை இருக்கிறது.

கணக்கு

கணக்கின் போக்கைக் காட்டுவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். சுழி நேரத்தில் உறிஞ்சளவு 0.332 என்றும், 5, 10, 15, 20, 30 நிமிடங்களில் முறையே 0.282, 0.239, 0.203, 0.171, 0.122 என்றும் கொள்வோம். முதல் மதிப்பை ஒவ்வொன்றாலும் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.163, 0.329, 0.492, 0.663, 1.001 கிடைக்கும். இவற்றை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வே வினைவேக மாறிலி. இங்கே அது நிமிடத்துக்கு 0.033. 0.693-ஐ இதனால் வகுத்தால் அரை ஆயுட்காலம் 21 நிமிடம் என்று வருகிறது.

ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் தனியே நேரத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் புள்ளி 0.0326, கடைசிப் புள்ளி 0.0334. வேறுபாடு சிறிது, ஆயினும் அது தற்செயல் இல்லை. கரைசல் வெளிற வெளிற உள்ளே ஒளி இன்னும் சீராகப் பரவுகிறது. எனவே மாறிலி மெல்ல உயர்கிறது. இதே கரைசலை 1 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து ஒளி காட்டியிருந்தால், இந்த உயர்வு இன்னும் பெரிதாக இருந்திருக்கும், கோடு வளைந்திருக்கும். புள்ளிகள் நேர்கோட்டிலிருந்து ஒரே பக்கமாக விலகுவதைக் கண்டால், சராசரி எடுத்து அதை மறைத்துவிடாதீர்கள். ஆழத்தையும் செறிவையும் மறுபடி சரிபாருங்கள்.

நிறமும் வைட்டமினும் பிரியும் இடம்

எல்லா நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்ப்பதே முதல் சோதனை. ரைபோஃபிளேவின் ஒரே விளைபொருளாக மட்டும் மாறினால், கோடுகள் எல்லாம் குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் புள்ளி நேரத்தோடு நகர்ந்தால், மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது என்பது உறுதி. இரண்டாவது சோதனை, 445, 373 ஆகிய இரு அலைநீளங்களின் உறிஞ்சளவு விகிதம். தூய ரைபோஃபிளேவினில் இது 1-ஐவிடச் சற்று மிகுதி. லூமிகுரோம் 350-ஐ ஒட்டிய பகுதியில் வலுவாக உறிஞ்சுவதால், அது சேரச் சேர விகிதம் குறையும். கருவியே இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. புறஊதாக் கைவிளக்கின் கீழ் தொடக்கக் கரைசல் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும்; சிதைந்த கரைசலின் ஒளிர்வு நீலத்தை நோக்கி நகரும். இதற்கெனச் சில துளிகளைத் தனியே எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிட வேண்டும்.

உறிஞ்சளவை மட்டுமே நம்பிச் செய்வோர், மூன்றில் ஒரு பங்கு சிதையும்வரை உள்ள புள்ளிகளையே மாறிலிக்குப் பயன்படுத்துவது நல்லது. மேலே காட்டிய எண்களில் அது முதல் 10 நிமிடங்கள். எனவே உண்மையான சோதனையில் அந்த இடைவெளியில் இன்னும் நெருக்கமாகப் புள்ளிகள் எடுக்க வேண்டும். இந்த அளவிலும் கிடைப்பது, இடைநிலைப் பொருள் கலந்திருப்பதால், உண்மையைவிடச் சற்றுக் குறைந்த வேகமாகவே இருக்கும்.

இதைத் தாண்டிச் செல்ல, பழைய முறை ஒன்று இன்றும் நம்பத்தக்கதாக உள்ளது. மாதிரியை பி.எச். 2-க்கு அமிலமாக்கி, பிரிபுனலில் குளோரோஃபார்மோடு மும்முறை குலுக்கினால், லூமிகுரோமும் லூமிஃபிளேவினும் குளோரோஃபார்முக்குச் சென்றுவிடும். ரிபிட்டைல் சங்கிலி அறுபடாத ரைபோஃபிளேவின் நீரிலேயே தங்கும். நீர்ப்பகுதியை 445-இல் அளந்தால் எஞ்சிய வைட்டமினின் அளவை நெருங்கிய மதிப்பு கிடைக்கும். குளோரோஃபார்ம் நச்சுத்தன்மை உடையது. புகைபோக்கி உள்ள பெட்டிக்குள், கையுறையோடு, அனுபவமுள்ளவர் உடன் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அமிலமாக்கியதால் கூடிய கன அளவைக் கணக்கில் சேர்க்கப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஹெச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ நிறப்பிரிகை) கருவி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீரை விரும்பாத பொருள்களைப் பிடித்துவைக்கும் சி18 என்னும் நிரப்பியுள்ள குழாயில் (நிரலில்) நீரும் மெத்தனாலும் கலந்த ஓடுகரைப்பானோடு செலுத்தினால், ரைபோஃபிளேவின் முன்னே வரும். நீர்விரும்பும் சங்கிலியை இழந்த லூமிஃபிளேவினும் லூமிகுரோமும் பின்னே வரும். 450-இல் கிளர்வூட்டி 525-ஐ ஒட்டி ஒளிர்வை அளந்தால், மிகச் சிறிய அளவையும் காணலாம். என் பரிந்துரை: முழுத் தொடரையும் ஒளிமானியில் அளந்துவிட்டு, சுழி நேரம், நடு நேரம், கடைசி நேரம் ஆகிய மூன்று மாதிரிகளை மட்டும் ஹெச்.பி.எல்.சி.யில் ஒப்பிடுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பது உங்கள் கரைசலில் நிறம் எவ்வளவு தூரம் தவறாகக் காட்டுகிறது என்பதன் அளவு.

ஒளியையும் அளக்க வேண்டும்

21 நிமிட அரை ஆயுட்காலம் என்று மட்டும் எழுதினால், படிப்பவருக்கு அதனால் பயனில்லை; விளக்கை அருகில் நகர்த்தினாலே அந்த எண் பாதியாகிவிடும். தட்டின் இடத்தில் விழும் ஒளியின் வலிமையை, 450 நானோமீட்டருக்குத் தரப்படுத்தப்பட்ட ஒளித்திறன்மானியால் அளந்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்று குறிக்க வேண்டும். லக்ஸ் அளவு மனிதக் கண்ணின் உணர்திறனைத் தழுவியது. கண் நீலத்தைக் குறைவாகவே உணர்வதால், நீல விளக்குக்கு அது பொருத்தமற்றது.

அத்தகைய கருவி இல்லாதபோது வேதிமுறையில் ஒளியை எண்ணலாம். ஹேச்சர்டும் பார்க்கரும் 1956-இல் செம்மைப்படுத்திய பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட் முறை இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதே தட்டில், அதே ஆழத்தில், அதே இடத்தில் அந்தக் கரைசலை வைத்துக் குறிப்பிட்ட நேரம் ஒளி காட்டினால், இரும்பு மூன்றிணைதிற நிலையிலிருந்து ஈரிணைதிற நிலைக்கு ஒடுங்கும். அதைப் பினாந்த்ரோலினோடு சேர்த்துச் செந்நிறமாக்கி 510 நானோமீட்டரில் அளந்தால், உண்டான இரும்பின் அளவு தெரியும். அந்த நிறத்தின் மோலார் உறிஞ்சு திறன் ஏறத்தாழ 11,100. நீல ஒளியில் உறிஞ்சப்படும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஏறக்குறைய ஓர் இரும்பு அயனி என்ற கணக்கில், நொடிக்கு எத்தனை ஃபோட்டான்கள் விழுந்தன என்பதைப் பெறலாம். 450 நானோமீட்டரில் இந்தக் கரைசலின் உறிஞ்சல் வலுவற்றது. எனவே லிட்டருக்கு 0.15 மோல் அளவுள்ள அடர்ந்த கரைசலைப் பயன்படுத்தி, அது உறிஞ்சிய பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதுவும் சிவப்பு ஒளியில் செய்ய வேண்டிய வேலை.

குறிப்பேட்டில் மாறிலியோடு கூடவே விளக்கின் அலைநீளம், ஒளியின் வலிமை, தொலைவு, கரைசலின் ஆழம், தொடக்கச் செறிவு, பி.எச்., தாங்கலின் பெயரும் செறிவும், வெப்பநிலை, காற்றுப்பட்டதா இல்லையா, இருட்டுச் சான்றின் மாற்றம் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் புதிய கரைசலில் குறைந்தது மூன்று முறை செய்து, மூன்று மாறிலிகளையும் தனித்தனியே எழுதுங்கள். சராசரி பிறகு வரட்டும்.

இவ்வளவும் கைவந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றத் தொடங்கலாம். பி.எச். அளவை மாற்றிப் பார்ப்பது நல்ல தொடக்கம்: 5 முதல் 6 வரை உள்ள பகுதியில் ரைபோஃபிளேவின் ஒளியை மிக நன்றாகத் தாங்குகிறது, 10-ஐ நெருங்கும்போது சிதைவு மிக விரைவாகிறது. பி.எச். மாறும்போது தாங்கலின் வகையும் மாற வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு பி.எச். அளவிலும் தாங்கலின் செறிவை இருவேறு அளவுகளில் வைத்து அளந்து, கோட்டைத் தாங்கலின் செறிவு சுழியாகும் இடம்வரை நீட்டிக் கிடைக்கும் மாறிலியையே ஒப்பிட வேண்டும். காரப் பக்கம் செல்லும்போது லூமிஃபிளேவின் மிகுதியாகும்; அங்கே 445-இன் உறிஞ்சளவை மட்டும் கொண்டு எந்த முடிவையும் எழுதாமல், பிரித்து அளந்த மதிப்புகளையே பயன்படுத்துங்கள்.